ஐந்தாவது பாட்டில் பெய்த மழை

போன வாரம் என் முதல் ஆல்பத்தின் அட்டைப்படக் கூத்தைப் படித்துவிட்டு, "அப்புறம் அந்த ஆல்பம் என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. யாரும் வாங்கவில்லை. அதை நீட்டி முழக்கி என்ன செய்வது? இந்த வாரம் நேராக மூன்றாவது ஆல்பத்துக்கு வந்துவிடுகிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் செக்டார் ஃபைவ். கண்ணாடி போட்ட ஓர் ஆபீஸ். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே பல் கிட்டுகிற ஏ.சி. எதிரே அரிந்தம் என்ற இளம் இயக்குநர். இணையத்தில் வெளியிட ஒரு சின்னப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றில் என் மூன்றாவது ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு என்றால் வார்த்தை கிடையாது. என் ஆல்பங்களில் கிதார் மட்டும்தான்.

"முரளிதா," என்றார். தா என்றால் அண்ணன். அவர் பேசியது வங்காளம், என் வசதிக்குத் தமிழில் எழுதுகிறேன். "இந்த மழைக்காகத்தான் எனக்கு இந்தப் பாட்டு வேணும். என்ன அழகாப் பெய்யுது! ஜன்னலைத் திறந்து வெச்சு ரெக்கார்ட் பண்ணீங்களா?"

"ஜன்னல் திறந்துதான் இருந்தது," என்றேன்.

"நல்ல மழைக்காலம் போல."

"இருக்கும், இருக்கும்," என்று இழுத்தேன்.

அது மழை இல்லை ஐயா. சித்திரை வெயிலில், கார்டன் ரீச்சில், எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா முறுக்கு சுடுகிற சத்தம். எண்ணெய் கொதித்து, முறுக்கு விழுந்து, சலசலவென்று பொரிகிற சத்தம். இதை எப்படி அந்த மனிதரிடம் சொல்வது? அவர் கண்ணை மூடிக்கொண்டு மழையில் நனைந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் இன்னொன்று என் காதில் விழுந்தது. என் வீட்டு ஹெட்போனில் ஒருநாளும் கேட்காத ஒன்று. கிதாருக்குப் பின்னால், அந்தப் பொரிகிற சத்தத்துக்கும் பின்னால், ஒரு பெண் குரல். வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிற குரல். என் மெட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

முணுமுணுத்தால் பரவாயில்லை. பல இடங்களில் அது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அரிந்தம் ஒற்றைத் தாளை நீட்டினார். இந்த இசை முழுக்க முழுக்க என் சொந்தப் படைப்பு, இதில் வேறு யாருக்கும் பங்கில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறந்து, மறுபடியும் மூடினேன்.

"திங்கட்கிழமை கொண்டுவந்து தர்றேனே," என்றேன்.

"என்ன முரளிதா, இதில் யோசிக்க என்ன இருக்கு? உங்க பாட்டுதானே?"

நல்ல கேள்வி. பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீடு அவள் பெயரில்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்கள். என் மனைவி மௌஷுமி வங்காளி. ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கிறாள். கார்டன் ரீச்சில் நாங்கள் இருக்கிற ரயில்வே குவார்ட்டர்ஸ் அவளுடைய வேலைக்குக் கிடைத்தது. வாசல் பலகையில் அவள் பெயர்தான் இருக்கிறது. கரண்ட் பில் அவள் பெயரில் வருகிறது. தபால்காரர் என்னை "மேடத்தோட ஹஸ்பண்ட்" என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. கொஞ்சம் இருக்கலாம்.

பத்திரிகைகளில் என்னைப் பற்றி எப்போதாவது இரண்டு வரி வந்தால் "சுயாதீன இசைக் கலைஞர்" என்று போடுவார்கள். கம்பெனி கிடையாது, தயாரிப்பாளர் கிடையாது, ஸ்டூடியோ கிடையாது. எல்லாம் நானே. மெட்டுப் போடுவது நான், வாசிப்பது நான், மைக் வைப்பது நான், லேப்டாப்பில் வெட்டி ஒட்டுவது நான், இணையத்தில் ஏற்றுவது நான். பல நாள் கேட்பதும் நான் மட்டும்தான்.

இந்த ஊரில் என் இசையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை. தமிழர் கூட்டங்களில் வாசித்தால், முன் வரிசை மாமாக்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏதாவது சினிமாப் பாட்டு போடேன்ப்பா" என்பார்கள். வங்காளிகள் நடுவில் வாசித்தால், "இதில் எங்கே தென்னிந்தியா இருக்கு?" என்று ஆர்வமாகத் தேடுவார்கள். நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அகப்படவில்லை. ஆல்பத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் இங்கே யாருக்கும் வாயில் நுழையாது, வங்காளத்தில் வைத்தால் என் சித்தப்பா கோபித்துக்கொள்வார். அதனால் மூன்றாவது ஆல்பத்தில் பாட்டுகளுக்குப் பெயரே வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுவிட்டேன்.

அந்த ஐந்தாம் எண்ணை மட்டும்தான் ஜனங்கள் தேடி வந்து கேட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கேட்டதாகச் சொன்னார். "அந்த மழை!" என்று எழுதாதவர் பாக்கி இல்லை. "முடிவில்லாமல் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறதே, அது அபாரம்" என்று ஒரு விமர்சகர் எழுதினார். உண்மை என்னவென்றால் எனக்கு அந்த மெட்டை முடிக்கத் தெரியவில்லை. ஏறி, இறங்கி, ஓரிடத்தில் வந்து நிற்கும். அதற்கு மேல் எங்கே போவது என்று எத்தனையோ நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன். அபாரம் என்று சொன்ன பிறகு மறுத்துப் பேச நான் என்ன பைத்தியமா?

வெளிப்படையாகச் சொல்கிறேன். மூன்று ஆல்பம் போட்டுவிட்டு நான் திரும்பிப் பார்த்தால், மற்றதெல்லாம் யாரோ எப்போதோ வாசித்ததைப் போல இருக்கிறது. இந்த ஒரு மெட்டுதான் "இது முரளி" என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது. அதுவும் என்னுடையது இல்லையென்றால் இத்தனை வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

சோற்றுத் தூக்கம்

வீட்டில் ரெக்கார்ட் செய்வது எப்படி என்று கேட்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மைக்கை அப்புறம் வாங்குங்கள். முதலில் உங்கள் தெரு எப்போது தூங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் காலையில் சந்தைக்கடை. மீன்காரர் கூவுவார், பிரஷர் குக்கர்கள் ஊதும், மாடியில் ஒரு பெண் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு சாதகம் செய்வாள். சாயங்காலம் வீட்டுக்கு வீடு பூஜைச் சங்கு ஊதுவார்கள். திருவிழாக் காலத்தில் கேட்கவே வேண்டாம், ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விடுவார்கள். ஆனால் மதியம் சாப்பாடு முடிந்ததும் ஓர் அமைதி வரும் பாருங்கள். வங்காளிகள் மீனும் சோறும் உண்டபின் போடுகிற தூக்கத்துக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். சோற்றுத் தூக்கம் என்று அர்த்தம். அந்த நேரத்தில் காக்காய்கூட யோசித்துவிட்டுத்தான் கத்தும்.

என்னுடைய மூன்று ஆல்பங்களும் அந்தத் தூக்கத்தில் எடுத்தவை. பின்னறையில் கதவைச் சாத்துவேன். சுவரில் எதிரொலி வராமல் இருக்க, மௌஷுமியின் குளிர்கால மெத்தைப் போர்வைகளைக் கொடியில் தொங்கவிடுவேன். மின்விசிறியை நிறுத்துவேன். சித்திரை மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து கிதார் வாசிப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிக் கிதார்ப் பலகையில் ஒரு வெள்ளைத் தடமே விழுந்துவிட்டது. ஜன்னலையாவது திறந்துவைக்காவிட்டால் ஆல்பத்துக்குப் பதில் என் படத்துக்குத்தான் மாலை போட்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில் கட்டடத்தில் இன்னும் ஒரே ஒரு ஜீவன் விழித்திருக்கும். அதுதான் செல்வி அக்கா. திருச்செந்தூர்ப் பக்கம். கணவர் ரயில்வேயில் எலெக்ட்ரீஷியன். கரியாஹாட்டில் நம்மூர்ப் பலகாரம் விற்கிற கடை ஒன்றுக்கு அக்கா முறுக்கும் தட்டையும் போட்டுக் கொடுக்கிறார். கடைக்காரர் சாயங்காலம் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார். அதனால் ஊர் தூங்குகிற நேரத்தில்தான் அக்கா அடுப்பைப் பற்றவைப்பார். அவருடைய சமையலறையும் என் பின்னறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். அவர் ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"அக்கா, ரெக்கார்டிங்!" என்று ஜன்னலில் கத்துவேன்.

"மிக்ஸி போடல தம்பி, வாசிங்க!" என்று பதில் வரும். "எண்ணெய் காஞ்சு போச்சு, அது மட்டும் நிக்காது பாத்துக்கிடுங்க!"

மிக்ஸியை நிறுத்தலாம், எண்ணெயை எப்படி நிறுத்துவது? லேப்டாப்பில் அந்தச் சத்தத்தை நீக்கப் பார்த்தேன். கிதாரும் சேர்ந்து போயிற்று. போகட்டும், லேசாகத்தானே கேட்கிறது என்று விட்டுவிட்டேன். அதுதான் மழையாகிவிட்டது. இப்படி ஒரு மழையை இந்த ஊர் முழுக்க நம்பும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

யார் முதலில்?

செக்டார் ஃபைவிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். ஐந்தாவது பாட்டுக்காக எடுத்த எல்லா டேக்குகளும் வெட்டாமல் அப்படியே கிடந்தன. மௌஷுமி ஆபீஸிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் ஒரு ஹெட்போனை மாட்டினேன். ஒலியை ஏற்ற ஏற்ற அந்தக் குரல் மேலே வந்தது.

"ஆரே, செல்விதி!" என்று சிரித்தாள். வங்காளத்தில் அக்காவுக்கு 'தி' சேர்ப்பார்கள். "ரொம்ப மிஷ்டி கொலா." இனிமையான குரலாம்.

"குரலை விடு. யார் முதலில் போறா? அவங்களா, நானா?"

கேட்டாள். "அவங்க."

இன்னொரு டேக்கைப் போட்டேன். "இதில?"

"இதில நீ."

"அதெப்படி ரெண்டும்?"

"ஷோனோ, இங்கே கேளு, எனக்கு எப்படித் தெரியும்? நீதானே மியூசிஷியன்?"

பழைய டேக்குகளுக்குப் போனேன். மெட்டு இன்னும் முழுசாக உருவாகாத நாட்கள். ஒரு நாள் நான் ஒரு துண்டை வாசிக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் அது கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. மறுநாள் நான் அந்த வேறு மாதிரியை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எனக்கு அது என் விரலில் தானாகப் பிறந்ததாகவே தோன்றியது, சத்தியமாக. அதற்கு முந்தைய நாள்? அன்றைக்கு மைக்கே வைக்கவில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்று இனிமேல் எந்தக் கடவுள் வந்து சொல்லப்போகிறார்?

மௌஷுமி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ எல்லார்கிட்டயும் 'தனியா ஆல்பம் பண்றேன்' சொல்றே. என்னோட வீடு, என்னோட போர்வை, செல்விதியோட எண்ணெய். இதுக்குப் பேரு தனியா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கடைசி டேக்கைத் தட்டினேன்.

நான் எப்போதும் வாசித்து முடித்த கையோடு ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் அக்காவின் மிக்ஸி உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த ஒரு நாள் வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் மணியடிக்க, நிறுத்தாமல் எழுந்து போயிருக்கிறேன். கிதார் வழக்கமான இடத்தில் வந்து நிற்கிறது. நாற்காலி நகர்கிறது. கதவு திறக்கிறது. நான் போய்விட்டேன்.

குரல் நிற்கவில்லை. நான் விட்ட இடத்தில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, மெல்ல ஒரு படி மேலே போய், யாரும் எதிர்பாராத இடத்தில் திரும்பி, அழகாக இறங்கி வந்து உட்கார்ந்தது. மெட்டு முடிந்தது. அப்புறம் வாணலி விளிம்பில் ஜல்லிக் கரண்டியை டங் டங்கென்று தட்டுகிற சத்தம்.

நான் மாதக்கணக்கில் தேடிக் கிடைக்காத முடிவு. என் லேப்டாப்பிலேயே கிடந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

செல்வி அக்காவின் சமையலறை

மறுநாள் மதியம் போனேன். தரையில் செய்தித்தாள் விரித்து முறுக்குகளை ஆறப் போட்டிருந்தார். அக்கா முறுக்கு அச்சில் மாவை அடைத்துக்கொண்டே, "வாங்க தம்பி, இந்தா, உப்பு சரியா இருக்கா பாருங்க," என்று ஒன்றை நீட்டினார்.

போனில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன்.

"எம்மா! இது நாந்தானா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங் குரலு இப்பிடியா இருக்கு? இவுக ஒரு நாளும் சொல்லலியே!"

"நல்லா இருக்குக்கா. இந்தப் பாட்டை எங்க பிடிச்சீங்க?"

"எங்க பிடிச்சேன்னா? நீங்க வாசிக்கதத்தானே நான் பாடுதேன்."

அப்பாடா என்று இருந்தது. பாதி முறுக்கை ஒரே கடியில் தின்றேன். பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம்.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைச்சுக்கிடாதீங்க," என்றார். "மொதல்ல நீங்க வேற என்னத்தையோதான் வாசிச்சுக்கிட்டு கெடந்தீங்க. நான் பாட்டுக்கு இங்க இழுத்துக்கிட்டு இருந்தேன். மறுநாளு பாத்தா நீங்க அதையே வாசிக்கீங்க. அட, இது நம்ம இழுத்ததுல்லான்னு நினைச்சேன்."

மீதி முறுக்கைச் செய்தித்தாளில் வைத்தேன். "அப்போ இது உங்க பாட்டாக்கா?"

"எனக்கு என்ன தம்பி பாட்டு தெரியும்? நீங்க வாசிச்சதக் கேட்டுத்தான் நான் இழுத்திருப்பேன். நான் இழுத்ததக் கேட்டு நீங்க வாசிச்சிருப்பீங்க. மொதல்ல ஆருன்னு கேட்டா? எண்ணெய்ச் சட்டிய வெச்சுக்கிட்டு இதெல்லாம் ஆரு நினைப்பு வெச்சிருப்பா?"

"சரி, அந்த முடிவு? அது எங்க இருந்து வந்தது?"

"அது கண்டிப்பா எனக்குள்ளதுதான்!" அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். குரலில் கொஞ்சம் கோபமே இருந்தது. "தெனமும் அங்க கொண்டாந்து நிப்பாட்டிருவீங்க. கதவத் தொறந்து போட்டுட்டுப் போன மாதிரி. எனக்கு இங்க அடுத்த ஈடு போடக் கையி வராது. இன்னைக்காவது முடிப்பாரு, இன்னைக்காவது முடிப்பாருன்னு பாப்பேன். நீங்க எங்க முடிச்சீங்க? அதான் நானே முடிச்சுட்டு முறுக்கப் போட்டுருவேன்."

படத்தைப் பற்றிச் சொன்னேன். தாளைப் பற்றிச் சொன்னேன். மழையைச் சொன்னதும் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு நான் வந்த காரியத்துக்கு வந்தேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா, என் பேர்லயே குடுத்துடலாம்னு... நீங்க என்ன சொல்றீங்க?"

"அதுக்கென்ன தம்பி, எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்வார் என்று நம்பித்தான் போனேன்.

அக்கா வாணலிப் பக்கம் திரும்பினார். முறுக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டார். ஈடு வெந்ததும் எடுத்து, வடித்து வைத்தார்.

"படத்துல பேரு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"எம்பேரும் வருமா?"

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"இந்த ஊருக்கு வந்து எத்தன வருசம் ஆச்சு," என்றார், வாணலியைப் பார்த்துக்கொண்டே. "முறுக்கு பாக்கெட்டுல கடைக்காரரு பேரு. கேஸ் புக்குல இவுக பேரு. வாசல் பலகையில இவுக பேரு. எம்பேர ரேஷன் கார்டுல தவிர எங்கயும் பாத்ததில்ல. வந்தா நல்லா இருக்கும் தம்பி. வரும்னா போடச் சொல்லுங்க."

"சரிக்கா," என்று எழுந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? படியில் நின்று யோசித்தேன். எனக்குக் கோபம், அவர் மேல். கோபப்பட எனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று என் மேலும் கோபம். அவர் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பா? என் வாசல் பலகை எனக்குத் தெரியாதா?

மழை இல்லாத படம்

திங்கட்கிழமை அரிந்தமுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு பெயர் போட வேண்டும் என்றேன்.

"அவங்க என்ன வாத்தியம்?"

"வாத்தியம் இல்லை. முறுக்கு."

 முறுக்கு என்றால் என்ன என்று விளக்கினேன்.

"அப்போ மழை?" என்றார் மெதுவாக.

"மழையும் அவங்கதான்."

அந்த மனிதர் பாவம், யாரோ செத்துப்போன செய்தி கேட்டவரைப் போலப் பேசினார். "யோசிச்சுச் சொல்றேன் முரளிதா."

பல நாள் போன் வரவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று என்னையே திட்டினேன். இன்னொரு பக்கம், அக்காவின் அந்த முடிவை எடுத்து வாசித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு முறை வாசித்தால் இது இல்லாமல் இந்த மெட்டு எப்படி இருந்தது என்றே மறந்துவிடுகிறது. இன்னொரு முறை வாசித்தால் யாரோ ஒருவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போலக் கூச்சமாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் அந்த நாட்களில் முணுமுணுக்கவில்லை. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"அக்கா, ஏன் பாடமாட்டேங்கறீங்க?" என்று ஜன்னலில் கேட்டேன்.

"இப்பம் வெக்கமா இருக்கு தம்பி. பேரு கேட்டுட்டேன்லா. இனி தப்பாப் பாடக் கூடாதே."

கடைசியில் அரிந்தம் கூப்பிட்டார். மழை இல்லாவிட்டால் என்ன, எண்ணெயாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டாராம். ஆனால் மெட்டின் அந்த முடிவும் வேண்டும், குரலோடு வேண்டும் என்றார். "அந்த அம்மா பாடுவாங்களா?"

பாடினார். என் அறைக்கு வரவழைத்து மைக்குக்கு முன்னால் உட்காரவைத்தபோது வாயே திறக்கவில்லை, கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் குரல் வந்தது. அவர் ஜன்னல் கம்பியில் மைக்கைக் கட்டினேன். ஒரே டேக். நான் முடிவில் வாசிக்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். தாளில் இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. அக்கா தமிழில், தன் முழுப் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி எதுவும் விட்டுப்போகாமல் போட்டார்.

படம் வெளியான அன்று அக்கா வீட்டில்தான் பார்த்தோம், மௌஷுமியின் போனை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு. அக்காவின் கணவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். படம் என்ன கதை என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் யாருக்கும் புத்தியில் ஏறவில்லை. கடைசியில் எங்கள் மெட்டு வந்தது. அக்காவின் குரல் வந்தது. எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கின.

எல்லாம் வங்காள எழுத்து. மீன் சந்தையில் வங்காளத்தில் சண்டை போட்டு ஜெயிக்கிற அக்காவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இசை என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு பெயர்கள் வந்ததும் மௌஷுமி சட்டென்று படத்தை நிறுத்தினாள். 

அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, போனுக்கு மிக அருகில் குனிந்தார்.

"தம்பி, இதுல நான் எது?"

"இதோ, இதுதான் நீங்க," என்று விரல் வைத்துக் காட்டினேன். "இது நான்."

இரண்டையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் தம்பி இருக்கு," என்றார்.